வத்தல் மூட்டைக்கு பால்கனி ரூம்

இந்த வாரம் வீட்டுல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. கப்பல்ல நாலு ரூம் புக் பண்ணணும்.

அவ்வளவுதான். லேப்டாப்பைத் திறக்கணும், ஒன்பது பேர் பேரை அடிக்கணும், நாலு கட்டத்தைத் தொடணும். தோசைக்கு மாவு ஆட்டுறதைவிட லேசான வேலை.

அந்த வேலை என்னை ஒரு பேக்கரியில, மைதா மூட்டை நிறுக்கிற தராசு மேல, குடும்பத்துக்கே முன்னால நிக்க வச்சு மானத்தை வாங்கும்னு நான் நினைக்கல. பாப்பா இப்பத்தான் தூங்கினா. அவ முழிக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

என் மாமனார் தோணியில தண்டலா இருந்தவரு. தோணின்னா நம்ம தூத்துக்குடி பழைய துறைமுகத்துல நிக்குமே, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போற மரக்கலம், அது. தண்டல்னா அதுக்குக் கேப்டன். முப்பது வருசம் வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏத்திட்டுப் போனவரு. இப்ப வீட்டுல இருக்காரு. ஆனா தண்டல் வேலையை மட்டும் இன்னும் விடல. கேஸ் சிலிண்டரை எங்க வைக்கணும், ஸ்கூட்டியில பையை எந்தப் பக்கம் மாட்டணும், எல்லாம் அவருதான் சொல்லணும்.

அவருக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி நாப்பது வருசம். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மாமா திடீர்னு அறிவிச்சாரு.

"நாப்பது வருசத்துல இவளை ஒரு நாள் கடல்ல கூட்டிட்டுப் போனதில்ல. இந்த வாட்டி குடும்பத்தோட போறோம். சென்னையில இருந்து இலங்கைக்குப் போய்ட்டு வார கப்பல் இருக்காம். சினிமா தியேட்டர்லாம் உள்ளயே இருக்குதாம்."

அத்தை குசினியில இருந்து எட்டிப் பாத்தாங்க. "ம்" அப்படின்னு ஒரு சத்தம் வந்துச்சு. சந்தோசம்னு எல்லாரும் எடுத்துக்கிட்டோம்.

போறது ஒன்பது பேரு. மாமா, அத்தை ஒரு ரூம். என் வீட்டுக்காரர் ஜெனோவோட அக்கா, அதாவது எங்க மைனியும், அவங்க வீட்டுக்காரர் ராயன் அண்ணனும் ஒரு ரூம். அவங்க மக ஷெரின், காலேஜ் படிக்கிறவ, அத்தையோட தங்கச்சி மேரி சித்தியோட ஒரு ரூம். நாலாவது ரூம் ஜெனோ, நான், எங்க ரெண்டரை வயசு பாப்பா ஜோ.

"புக்கிங் யாரு பாக்கது?" மைனி கேட்டாங்க.

எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

இந்த வீட்டுல பைப் ஒழுகுனா பிளம்பர். இங்கிலீஷ்ல ஃபாரம் வந்தா நான். கான்வென்ட்ல பன்னிரண்டு வருசம் படிச்சதுக்கு எனக்குக் கிடைச்ச உத்தியோகம் இதுதான். வாஷிங் மெஷினோட வந்த புத்தகத்தைக்கூட நான்தான் சத்தமா வாசிச்சு அர்த்தம் சொன்னேன்.

"நம்ம வீட்டுல இங்கிலீஷ் பேசுதவ இருக்கும்போது ஏஜெண்டு எதுக்கு? ஏளா, நீயே பாத்துரு" அப்படின்னு மாமா முடிச்சுட்டாரு.

நானும் தலையை ஆட்டிட்டேன். சிரிச்சேன்னு கூட நினைக்கேன்.

இந்த இடத்துல உங்களுக்கு மட்டும் ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்குக் கடல்னா பயம்.

நான் சாத்தான்குளத்துக்காரி. எங்களுக்குத் தண்ணின்னா கிணறு, அது ஒரே இடத்துல கிடக்கும். எழுந்து நம்மகிட்ட வராது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாமா கேட்ட ஒரே கேள்வி, "கடலுக்குப் பயப்படுவியா?" அப்படிங்கிறதுதான். "இல்ல மாமா"ன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளை நல்லா இருந்தாரு, வேற என்ன சொல்ல.

அந்தப் பொய்யை நாலு வருசமா காப்பாத்திட்டு வாரேன். முயல் தீவுக்கு எல்லாரும் படகுல போனப்ப தலைவலி. மணப்பாட்டுத் திருவிழாவுல வள்ளத்துல ஏறக் கூப்பிட்டப்ப மசக்கை. அடுத்த வருசம் பாப்பாவுக்குப் பால் குடுக்கணும். அதுக்கும் அடுத்த வருசம் பால் மறந்துட்டா, அதனால மறுபடியும் தலைவலி.

சரி, எனக்கு மட்டும் பயம்னா பல்லைக் கடிச்சிட்டுப் போயிருவேன். ஆனா ஜோ இருக்காளே.

ஜோ போன மாசம் கொண்டி திறக்கப் படிச்சுக்கிட்டா. பாத்ரூம் கொண்டி, மாடிக் கதவுக் கொண்டி, பக்கத்து வீட்டு கேட்டுக் கொண்டி. இழுக்குற கொண்டி, தூக்குற கொண்டி, திருகுற பிடி எல்லாம் அவளுக்கு ஒண்ணுதான். குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நாக்கை வெளியே நீட்டிக்கிட்டு நிதானமா வேலை பாப்பா. நாம அடுப்புல பாலை இறக்கி வச்சிட்டுத் திரும்புனா ஆளு வாசல்ல நிப்பா.

வியாழக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். கப்பல் படம் வந்துச்சு. மூணு வகை ரூம். உள்ள இருக்கிற ரூம், ஜன்னல் கிடையாது. ஜன்னல் ரூம், ஜன்னலைத் திறக்க முடியாது. அப்புறம் பால்கனி ரூம். கண்ணாடிக் கதவு, ஒரு கைப்பிடி, ரெண்டு நாற்காலி, அதுக்கு அங்கிட்டு கடல்.

அந்தக் கைப்பிடி சரியா ஜோ உயரத்துக்கு இருந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. பக்கத்துல நாற்காலி வேற. ஸ்டூலைக்கூட அவங்களே குடுக்காங்க.

நான் முடிவு பண்ணிட்டேன். நமக்கு உள் ரூம். கப்பலுக்கு நட்டநடுவுல, நாலு பக்கமும் சுவரு. கடல் பக்கத்துல இருக்குன்னே தெரியக் கூடாது. யாருக்கும் சொல்லாம புக் பண்ணிட்டு, "ஐயோ, அது ஒண்ணுதான் இருந்துச்சு"ன்னு மூஞ்சியை வச்சுக்கிடலாம்.

பட்டனை அமுக்கப் போனேன். பின்னால மாமா நின்னாரு.

"அது என்ன, கப்பலோட படமா?"

"ஆமா மாமா. எந்த ரூம் எங்க இருக்குன்னு காட்டுது."

"இதைப் பெருசா ஒரு பேப்பர்ல எடுத்துட்டு வரச் சொல்லு."

ஜெனோ ஜெராக்ஸ் கடையில போயி, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பெரிய தாள்னு எடுத்துட்டு வந்தாரு. சனிக்கிழமை மத்தியானம் மாமா சாப்பாட்டு மேசையைத் துடைச்சு, தாளை எல்லாம் விரிச்சு, நாலு மூலைக்கும் ஊறுகாய் பாட்டில் வச்சாரு. கண்ணாடியை மாட்டுனாரு. அப்புறம் குசினிக்குப் போயி காய்கறிக் கூடையைத் தூக்கிட்டு வந்தாரு.

"எதுக்கு மாமா?"

"சரக்கு அடுக்கணும்லா."

தோணியில சரக்கு ஏத்துறதுக்கு முன்னால எது எங்க போகணும்னு தண்டல்தான் முடிவு பண்ணணுமாம். கனமான சரக்கு கீழ, நடுவுல. லேசான சரக்கு மேல. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும். இல்லேன்னா தோணி சாஞ்சுக்கிட்டே போகும். முப்பது வருசத்துல ஒரு நாள்கூட தான் எடை பாக்காம துறையை விட்டுக் கிளம்புனதில்லன்னு சொன்னாரு.

ஜெனோ மெதுவா சொல்லிப் பாத்தாரு. "அப்பா, அது இரும்புக் கப்பல். ஊரே ஏறலாம். நம்ம ஒன்பது பேரு எங்க படுத்தாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏலே, ஊருக்கு அந்தக் கப்பல் தண்டல் இருக்கான். அவன் பாத்துக்கிடுவான். என் ஒன்பது பேரை நான் பாக்காண்டாமா?"



அவரு கூடையில இருந்து ஒரு பெரிய சேனைக்கிழங்கை எடுத்து அடித்தட்டுத் தாள்ல நடுவுல வச்சாரு. "இது ராயன்."

ராயன் அண்ணன் பேக்கரி வச்சிருக்காரு. ஊர்ல மக்ரூனுக்குப் பேர் போன கடை. அண்ணன் விக்கிறதுக்கு முன்னால எல்லாத்தையும் ருசி பாத்துத்தான் விப்பாரு. நேர்மையான வியாபாரி. உடம்பைப் பாத்தாலே தெரியும்.

அவரு கிழங்கையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "மாமா, உருளைக்கிழங்காவது வச்சிருக்கலாம்."

மைனிக்கு ஒரு பூசணித் துண்டு. அவங்க பூசணியைத் திருப்பி, நறுக்குன பக்கம் தெரியாம வச்சாங்க. அதுக்கு எதிர்ப்பக்கம் மாமாவும் அத்தையும் ரெண்டு உருளைக்கிழங்கு.

"மேல்தட்டுக்கு?" ஷெரின் கேட்டா. அவளுக்குப் பால்கனி வேணும். போட்டோ எடுக்கணும்.

மாமா ஒரு பெரிய வெங்காயத்தையும் ஒரு வெண்டைக்காயையும் கையில எடுத்தாரு. அது சித்தியும் ஷெரினும். இன்னொரு கையில மூணு மிளகாய் வத்தல். ரெண்டு நீளம், ஒண்ணு குட்டி. அது நாங்க.

ரெண்டு கையையும் தூக்கித் தூக்கிப் பாத்தாரு.

"வத்தல் மூட்டைதான் எப்பவும் உச்சியில போகும். லேசும்லா, நனையவும் கூடாது. ஜெனோவும் இவளும் பிள்ளையும் பத்தாவது மாடி. பால்கனி ரூம்."

நான் அவரு கையில இருந்த குட்டி வத்தலைப் பாத்தேன்.

"மாமா, ஷெரினுக்குத்தான் ஆசை..."

"ஆசைக்குலாம் சரக்கு அடுக்க முடியாது. எடைதான்." அப்புறம் என் மூஞ்சியைப் பாத்து, "உனக்குன்னா நல்ல ரூம்தானளா விழுந்திருக்கு. காலையில கதவைத் திறந்தா கடல்" அப்படின்னாரு.

அதுதான் மாமா பிரச்சினை. கதவைத் திறந்தா கடல்.

அறைக்குள்ள போயி ஜெனோகிட்ட சொன்னேன். "நீங்க சொல்லுங்களேன். உங்க அப்பாதான."

"நீயே சொல்லு. பயமா இருக்குன்னு சொன்னா என்ன? அடிக்கவா போறாரு?"

"நாலு வருசமா இல்லைன்னு சொல்லியாச்சு."

"அது உன் பாடு" அப்படின்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு சீசன் சங்கு குளிக்கப் போன ஆளு இவரு. கடலுக்கு அடியில போயி சங்கு பொறுக்கிட்டு வந்தவருக்கு மேல இருக்கிற பால்கனி எப்படிப் பயமாத் தெரியும்?

சாயங்காலம் மாமா அடுத்த அறிவிப்பு விட்டாரு. கண்ணளவுக் கணக்கு சரிவராது. நாளைக்குப் பூசை முடிஞ்சு எல்லாரும் ராயன் பேக்கரிக்கு வரணும். அங்க மைதா மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கு. முறையா நிறுத்து எழுதிருவோம்.

எனக்கு உடனே ஒரு கணக்கு ஓடுச்சு. சித்தியும் ஷெரினும் சேந்து எங்க மூணு பேரைவிட ரொம்பக் கூட இருக்க மாட்டாங்க. அஞ்சாறு கிலோ இருக்கலாம். நாங்க அவங்களைத் தாண்டிட்டா அவங்க மேல, நாங்க கீழ. ஷெரினுக்குப் பால்கனி, எனக்குச் சுவரு. யாருக்கும் நட்டமில்ல.

ஆனா ஒரே ராத்திரியில அஞ்சாறு கிலோ ஏத்தணும். ராயன் அண்ணனாலயே முடியாது.

அப்பத்தான் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால அது தொங்கிட்டு இருந்தது ஞாபகம் வந்துச்சு. ஜெனோவோட சங்கு குளிக்கிற பெல்ட். வரிசையா ஈயக் கட்டி கோத்த பெல்ட். இடுப்புல கட்டுனாத்தான் ஆளு தண்ணிக்குள்ள மிதக்காம அடிக்குப் போவான். தூக்கிப் பாத்தேன். எட்டு கிலோ நிச்சயம் இருக்கும்.

கன்னியாஸ்திரிங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நிறைய. உண்மை பேசணும், நேரா உக்காரணும், கைக்குட்டை வச்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில நான் கைக்குட்டை மட்டும் வச்சிருந்தேன்.

சுடிதாருக்கு உள்ள பெல்ட்டைக் கட்டுனேன். மேல துப்பட்டாவை அகலமா விரிச்சு விட்டேன். கண்ணாடியில பாத்தா நாலு மாசம் மாதிரி இருந்துச்சு. பரவாயில்லன்னு நினைச்சேன்.

பூசையில முழங்கால் போடுறது வரைக்கும் பரவாயில்ல. முழங்கால் போட்டுட்டு எந்திரிக்கிறதுதான் முடியல. பெஞ்சைப் பிடிச்சு, முன்னால இருந்த அம்மா தோளைப் பிடிச்சு எந்திரிச்சேன். பக்கத்துல இருந்த மேரி சித்தி என் வயித்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்புறம் என் கையைத் தடவிக் குடுத்து, "யாருகிட்டயும் சொல்லல" அப்படின்னு காதுல சொன்னாங்க.

கோயில் வாசலைத் தாண்டுறதுக்குள்ள அத்தைக்குச் சொல்லியாச்சு. மைனிக்கும் சொல்லியாச்சு. நான் பேக்கரி போய்ச் சேருறதுக்குள்ள எனக்கு நாற்காலி போட்டு, எலுமிச்சம்பழ ஜூஸ் தயாரா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி இறக்கி வச்சிட்டு, பின்பக்க மாவு ரூம்ல தராசு முன்னால எல்லாரும் வரிசையில நின்னோம். மாமா நோட்டு, பென்சிலோட உக்காந்திருந்தாரு.

மைனி முதல்ல மாட்டேன்னுட்டாங்க. "நான் என்ன மைதா மூட்டையா?"

"மைதாவே பேசாம ஏறுது" அப்படின்னாரு மாமா.

கடைசியில, எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கணும், எடையை மாமா மட்டும் பாக்கணும்னு ஒப்பந்தம் ஆச்சு. நாங்க எல்லாரும் சுவரைப் பாத்தோம். மைனி ஏறுனாங்க. மாமா பாத்தாரு. எழுதுனாரு. எழுதும்போது பழக்க தோசத்துல சத்தமா வாசிச்சிட்டாரு.

"ஒரு சிமெண்டு மூட்டை, ஒரு அரை மூட்டை வெங்காயம்."

மைனி இறங்குன வேகத்துல தராசு ஆடுச்சு. "எப்பா, உங்களைக் கடலுக்குள்ளயே விட்டுட்டு வந்திருக்கணும்."

ராயன் அண்ணன் ரெண்டு சிமெண்டைத் தாண்டிப் போனாரு. மேரி சித்தி செருப்பு, வாட்ச், ஜெபமாலை எல்லாம் கழத்தி வச்சிட்டு ஏறுனாங்க. ஷெரின் ஏறுனா. ரெண்டு பேரையும் சேத்து மாமா எழுதுனாரு. ஜெனோ ஏறுனாரு. ஜோவைத் தூக்கி வச்சு நிறுத்தோம். அவ முள்ளைப் பிடிக்கப் பாத்தா, பிடுங்கி இறக்கி விட்டோம்.

நான் கடைசி.

மெதுவா ஏறுனேன். முள்ளு நல்லா ஓடுச்சு. மாமா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டாரு.

"என்னளா, பாத்தா தெரியல. வத்தல்னு நினைச்சேன். புளி மூட்டையால்லா இருக்க."

"மாசமா இருந்தா அப்படித்தான்" அப்படின்னு சித்தி சொல்லிட்டாங்க.

ஜெனோ சட்டுன்னு என்னையப் பாத்தாரு. பாவம், அவருக்கு அது புதுச் செய்தி. எனக்கும் புதுச் செய்திதான். "ஐயோ சித்தி, அப்படில்லாம் இல்ல" அப்படின்னு சொல்லத் திரும்புனேன்.

திரும்பியிருக்கக் கூடாது.

பக்கிள் விட்டுச்சு. பெல்ட் இடுப்புல இருந்து வழுக்கி, தொடையில ஒரு நொடி நின்னு யோசிச்சு, சுடிதார் கரைக்குக் கீழ வந்து, டம்முன்னு தராசுத் தட்டுல விழுந்துச்சு.



இதுல வேடிக்கை என்னன்னா, முள்ளு கொஞ்சங்கூட அசையல. பெல்ட்டும் நானும் ஒரே தட்டுலதான நின்னோம்.

மாமா முள்ளைப் பாத்தாரு. என் காலைப் பாத்தாரு. மைனி குனிஞ்சு பெல்ட்டை ஒரு நுனியில பிடிச்சுத் தூக்குனாங்க. "ஏலே ஜெனோ, இது உன் சங்கு பெல்ட்டுல்லா?"

மாமா நோட்டை மூடி வச்சாரு. "சங்கு குளிக்கப் போறவன் இதைக் கட்டிக்கிட்டு கடலுக்குள்ள இறங்குவான். நீ இதைக் கட்டிக்கிட்டு எங்கனளா இறங்கப் பாத்த?"

அவரு அதட்டல. அதட்டியிருந்தா ஏதாவது பொய் வந்திருக்கும். சும்மா கேட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சு.

"கீழ் மாடிக்கு மாமா."

"ஏன்?"

"எனக்கு பயமா இருக்கு. நாலு வருசமாவே பயம்தான். கடலும் பயம், பால்கனியும் பயம். இவ எந்தக் கொண்டியையும் திறந்துருவா. நான் ஒரு நிமிசம் கண்ணை மூடுனா..."

எல்லாரும் "இவ"ளைத் தேடுனாங்க. தராசுப் பக்கம் ஜோ இல்ல.

முன்பக்கக் கடையில இருந்தா. கண்ணாடி அலமாரிக்குப் பின்கதவுல கொண்டி போட்டு, மேல ஒரு கொக்கியும் மாட்டி வச்சிருப்பாரு ராயன் அண்ணன். ரெண்டும் திறந்து கிடந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு காலி எண்ணெய் டின். ஜோ அலமாரிக்குள்ளயே உக்காந்து, மக்ரூனை ஒவ்வொண்ணா நுனி மட்டும் கடிச்சுக் கடிச்சுத் திரும்ப வரிசையில வச்சிட்டு இருந்தா.

ராயன் அண்ணன் ரொம்ப நேரம் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பாத்தாரு. "இதை என் கடைப் பையனாலயே திறக்க முடியாது."

மாமா ஜோவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாரு. முகம் மாறிப் போச்சு. "அந்த பால்கனிக் கதவுல கைப்பிடி எந்த உயரம்?"

போன்ல படத்தைக் காட்டுனேன். ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தாரு. நாற்காலியையும் பாத்தாரு.

"இதை எனக்கு நேத்தே காட்டிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலையே மாமா. எடைதான கேட்டிய."

அப்பத்தான், யாரும் எதிர்பாக்காத இடத்துல இருந்து ஒரு குரல் வந்துச்சு. அத்தை. மைதா மூட்டை மேல உக்காந்து என்னோட எலுமிச்சம்பழ ஜூஸைக் குடிச்சிட்டு இருந்தவங்க.

"எனக்கும் பயம்தான்."

மாமா திரும்புனாரு. "எதுக்கு?"

"கடலுக்கு. வேற எதுக்கு."

"நாப்பது வருசமா நீ சொல்லவே இல்லையே. தோணி துறையில கட்டிக் கிடக்கும்போது எத்தனை வாட்டி ஏறிப் பாருன்னு கூப்பிட்டிருக்கேன். பொம்பள தோணியில ஏறக் கூடாதுன்னு சாமியார் சொன்னாருன்னுல்லா சொன்ன?"

"சாமியார் ஒண்ணும் சொல்லல."

மாமா ஜோவை ஜெனோ கையில குடுத்துட்டு இன்னொரு மைதா மூட்டையில உக்காந்தாரு.

அத்தை ஆரம்பிச்சு வச்சதும் வரிசையா வந்துச்சு. மேரி சித்திக்கு ஜன்னல் இருந்தாலே ஆகாதாம், தண்ணி ஆடுறதைப் பாத்தா கிறுகிறுன்னு வருமாம். மைனி சொன்னாங்க, "எனக்குப் பயமில்ல. இவருக்குத்தான். முயல் தீவுக்குப் போனப்ப பாதி வழியில வாந்தி எடுத்து, படகைத் திருப்பச் சொன்ன ஆளு." ராயன் அண்ணன், "அது காலையில சாப்பிட்ட பப்ஸ்" அப்படின்னாரு, ஆனா சத்தம் எடுபடல. அந்த முயல் தீவுக்குத்தான் நான் தலைவலின்னு போகாம இருந்தேன். தெரிஞ்சிருந்தா அண்ணனும் நானும் சேந்தே வீட்டுல இருந்திருக்கலாம்.

"ஷெரின், நீயாவது?" மாமா கேட்டாரு.

"எனக்கு பால்கனி வேணும் தாத்தா." அப்புறம் கொஞ்சம் யோசிச்சா. "ஆனா ராத்திரி சித்தி பாட்டி தூங்கிட்டா அங்க நான் மட்டும்தான் இருக்கணுமா? அப்ப வேண்டாம். பகல்ல மொட்டைத்தளத்துல எடுத்துக்கிடுதேன்."

மாமா எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாரு. தண்டல் வீட்டுக் குடும்பம், மைதா மூட்டைங்களுக்கு நடுவுல.

"நான் இவ்வளவு நாளும் யாரைக் கூட்டிட்டுக் கிடந்திருக்கேன்?" அப்படின்னு கேட்டாரு. யாரையும் குறிப்பா கேக்கல.

மைனிதான் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் நிக்கல. அத்தைக்கு ஜூஸ் மூக்குல ஏறிருச்சு. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். ஜெனோ என் பக்கத்துல வந்து, "மாசமா இல்லதான?" அப்படின்னு ரகசியமா கேட்டாரு. இல்லன்னேன். கொஞ்சம் ஏமாந்துட்டாரு போல.

சிரிச்சு முடிச்சதும் மாமா நோட்டைத் திறந்தாரு. "சரி. பெல்ட்டை எடுத்துட்டு மறுபடியும் ஏறு."

"இன்னும் எதுக்கு மாமா? எல்லாருக்கும்தான் உள் ரூம்னு ஆயாச்சே."

"கணக்குன்னா கணக்குதான்."

ஏறுனேன். வத்தல்தான்.

ஆக மூணு உள் ரூம் முடிவாச்சு. நடு மாடி, நட்டநடு. மாமாவுக்கும் அத்தைக்கும் மட்டும் ஒரு பால்கனி ரூம் போட்டுரலாம்னு ஜெனோ சொன்னாரு. நாப்பதாவது வருசம், தண்டலுக்கு மரியாதை. அத்தை, "இவரு பாத்துட்டு இருக்கட்டும். நான் போர்வையை இழுத்து மூடிக்கிடுதேன்" அப்படின்னாங்க.

திங்கக்கிழமை காலையில புக் பண்ண உக்காந்தேன். ஒரே நேரத்துல மூணு ரூமுக்கு மேல போட்டா இணையத்துல முடியாது, போன் பண்ணுங்கன்னு வந்துச்சு. போன் பண்ணேன். சென்னையில இருந்து ஒரு தம்பி ரொம்ப மரியாதையா பேசுனாரு.

அந்த நேரம் மாமா மெதுவா வந்து பக்கத்துல நின்னாரு. தொண்டையைச் செருமுனாரு.

"ஏளா. அந்த உள் ரூம் இன்னொண்ணு கிடைக்குமா?"

போனைக் கையால மூடிக்கிட்டேன். "யாருக்கு மாமா?"

"எங்களுக்குத்தான்." சுவர்ல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "முப்பது வருசம் தோணியில ஒழுங்கா தூங்குனதில்ல. கடல் கண்ணுல பட்டா எனக்கு வேலை ஞாபகம் வந்துரும். காத்து எங்கிட்டு மாறுது, தண்ணி நிறம் ஏன் இப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே கிடப்பேன். இந்த ஒரு வாட்டியாவது தூங்குதேனே." குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட, அது ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொல்லிரு" அப்படின்னாரு.

நான் சொல்லணும்னு நாலு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்த அதே பொய். எனக்கு ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டியது வரல.

போனுக்குத் திரும்பி, "தம்பி, அந்த பால்கனியையும் உள் ரூமா மாத்திருங்க" அப்படின்னேன்.

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டுச்சு.

"மேடம், ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறேன். ஒன்பது பேர். நாலு ரூம். நாலுமே ஜன்னல் இல்லாத ரூம். கப்பல்ல போறீங்க, ஆனா ரூம்ல இருந்து யாருமே கடலைப் பாக்க மாட்டீங்க."

"ஆமா தம்பி."

"சரிங்க மேடம்." அவரால அடக்க முடியல. "தப்பா நினைக்காதீங்க, சும்மாதான் கேக்குறேன். நீங்க எந்த ஊரு?"

மாமா பக்கத்துலயே நின்னாரு. நான் கோயம்புத்தூர்னு சொல்லிட்டேன்.